கணக்குப்பிள்ளை கட்டிய கார்

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கம் கோடையில் போகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். நுங்கைத் தின்று முடித்த பையன்கள், காலிக் குடுக்கைகள் இரண்டை ஒரு குச்சியின் இரு முனையிலும் செருகி, கவைக் கம்பால் தள்ளிக்கொண்டு மண் ரோட்டில் ஓடுவார்கள். ஹாரன் சத்தம் வாயிலிருந்து வரும். தேவிகுளம், பீர்மேடு பக்கத்து எஸ்டேட் லயங்களில் பனை ஏது? அங்கே தேய்ந்த ரப்பர் செருப்பை வட்டமாக அறுத்தால் சக்கரம். காலித் தீப்பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினால் லாரி. போடிமெட்டு வளைவுகளில் ஏறுகிற லாரியின் முக்கலும் முனகலும் அந்தத் தீப்பெட்டி லாரிக்கும் உண்டு.

இதே காரியத்தைப் பெரியவர்கள் செய்தால் அதற்கு ஹாபி என்று பெயர். மாடல் கார் கிட் என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். உள்ளே முழுக் கார் இராது. பிளாஸ்டிக் சட்டத்தில் பிஞ்சுக் காய்கள் போலத் தொங்கும் பாகங்களும், எதை எதோடு சேர்ப்பது என்று காட்டும் படமும் இருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, பிசிறு சீவி, பசை தடவி, பெயிண்ட் அடித்து, பல ராத்திரிகள் குனிந்து உட்கார்ந்தால் உள்ளங்கையில் ஒரு கார் வந்து நிற்கும். நிஜக் காரில் 24-ல் ஒரு பங்கு, 25-ல் ஒரு பங்கு என்று அளவு சொல்வார்கள். கட்ட வேண்டிய சிரமம் இல்லாமல், வாங்கி அடுக்கி வைக்கும் உலோகக் கார்களில் 43-ல் ஒரு பங்கு என்பது பிரசித்தமான அளவு.

40 இல்லை, 50 இல்லை, அதென்ன 43? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால் அது இங்கிலாந்தில் லிவர்பூல் துறைமுகத்தில் பேரேடு எழுதிக்கொண்டிருந்த ஒரு குமாஸ்தாவின் மேஜையில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. அவர் பெயர் பிராங்க் ஹார்ன்பி. நம் எஸ்டேட்களில் கணக்குப்பிள்ளை என்றால் மலையேறிப் போய் ஆள் கணக்கு எடுப்பவர். ஹார்ன்பி அறைக்குள் உட்கார்ந்து இறைச்சிக் கணக்கு எழுதிய கணக்குப்பிள்ளை.

கடை மூடிய வருஷம்

1863-ஆம் வருஷம் மே மாதம் 15-ந் தேதி லிவர்பூலில் பிறந்தார் ஹார்ன்பி. தகப்பனார் ஜான் ஹார்ன்பி உணவுப் பண்ட வியாபாரி. பையன் 16 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவின் வியாபாரத்தில் காஷியராக உட்கார்ந்தார். இன்ஜினீயரிங் படிப்பு கிடையாது. பட்டறைப் பழக்கமும் கிடையாது. சாமுவேல் ஸ்மைல்ஸ் என்பவர் 1859-ல் வெளியிட்ட சுயமுயற்சி பற்றிய புத்தகம் அந்தக் காலத்து ஆங்கிலேய இளைஞர்களுக்கு ஒரு வேதம் மாதிரி. எளிய வீட்டில் பிறந்து யந்திரங்களைப் படைத்தவர்களின் கதைகள் அதில் நிறைய உண்டு. காஷியர் வேலை பார்த்த இளைஞரின் மனத்தில் அந்தக் கதைகள் தங்கிவிட்டன.

1887-ல் கிளாரா என்ற பள்ளி ஆசிரியையை மணந்தார். ரோலண்ட், டக்ளஸ் என்று இரண்டு பையன்கள், பட்ரீஷியா என்று ஒரு பெண். 1899-ல் தகப்பனார் காலமானார். அதோடு வியாபாரமும் மூடப்பட்டது. குடும்பஸ்தரான ஹார்ன்பி, டேவிட் எலியட் என்ற இறைச்சி இறக்குமதி வியாபாரியிடம் கணக்கு எழுதப் போனார். சொந்தக் கல்லாவில் உட்கார்ந்தவர் இன்னொருவர் பேரேட்டைத் திறப்பது எப்படி இருக்கும் என்பதை, ஊரில் நிலத்தையோ கடையையோ விட்டுவிட்டு எல்லை தாண்டி வந்து சம்பளத்துக்கு உட்கார்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அதே வருஷத்தில்தான் அவர் வீட்டில் தகடு வெட்ட ஆரம்பித்தார். எல்லாம் பையன்களுக்கு விளையாட்டுச் சாமான் செய்து கொடுக்கத்தான். லிவர்பூல் துறைமுகத்தில் கிரேன்களுக்குக் குறைவில்லை. கிரேன் ஒன்று, பாலம் ஒன்று, பாரவண்டி ஒன்று என்று செய்து கொடுத்தார். செய்யச் செய்ய ஒரு தொல்லை தெரிந்தது. கிரேனுக்கு வெட்டிய தகடு பாலத்துக்கு உதவாது. பாலம் அலுத்துப்போனால் அது வெறும் பழைய தகரம். அடுத்த சாமானுக்கு மறுபடியும் முதலிலிருந்து வெட்ட வேண்டும்.

இதற்கு வழி தோன்றியது ஒரு கிறிஸ்துமஸ் சமயத்து ரெயில் பயணத்தில் என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எல்லாத் தகடும் ஒரே அகலம். எல்லாத் துளையும் ஒரே இடைவெளி. அரை அங்குல அகலத் தகட்டில் அரை அங்குலத்துக்கு ஒரு துளை. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. எந்தத் தகட்டை எதன்மேல் எப்படி வைத்தாலும் துளை துளைக்கு நேராக வரும். போல்ட்டைப் போட்டு முடுக்கினால் இறுகும். அதே துளையில் கம்பியைச் செருகினால் அச்சு. அச்சில் சக்கரத்தை மாட்டினால் வண்டி. இன்றைக்குக் கிரேன், பிரித்துப் பூட்டினால் நாளைக்குப் பாலம்.

ஈய எழுத்துக் கோத்த காலத்து அச்சுக்கூடத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். அறையில் கிடக்கும் எழுத்துகள் அவைதான். இன்று மந்திரியின் பேச்சுக்குக் கோத்த எழுத்தையே பிரித்து நாளை மரண அறிவித்தலுக்குக் கோப்பார்கள். எழுத்துகளின் உயரமும் கனமும் ஓர் அளவாக இல்லாவிட்டால் ஒரு வரிகூட நிற்காது. ஹார்ன்பி செய்தது தகட்டில் ஒரு நெடுங்கணக்கு.

முதல் தகடுகளைச் செப்புத் தகட்டிலிருந்து கையாலேயே வெட்டினார். கடையில் கிடைத்த போல்ட்டும் நட்டும் இந்தச் சின்ன வேலைக்குப் பெரிதாக இருந்ததால் அவற்றையும் ஆரம்பத்தில் தாமே செய்துகொண்டார். பகலில் பேரேடு, ராத்திரியில் அரம்.

75 ரூபாய்

1900-ஆம் வருஷக் கடைசியில் விற்கத் தகுந்த ஒரு செட் தயாராகிவிட்டது. பேடண்ட் உரிமை வாங்க வேண்டும். அதற்கு 5 பவுன் தேவை. அந்த நாள் மாற்று விகிதத்தில் பவுனுக்கு 15 ரூபாய், ஆக 75 ரூபாய். உலகமெங்கும் பிள்ளைகள் கைக்குப் போகப்போகிற ஒரு பொருளின் உரிமைக்கான அந்தத் தொகை குமாஸ்தாவின் பையில் இல்லை. முதலாளியிடம் கேட்டார். எலியட் கொடுத்தார். 1901 ஜனவரியில் விண்ணப்பம் போயிற்று.

எலியட்டைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். கணக்கு எழுதுகிறவன் தகர பொம்மை செய்கிறான் என்று கேட்டால் சிரித்துவிட்டுப் போகிற முதலாளிகளே உலகத்தில் அதிகம். ஆபீஸ் நேரத்தில் கவனம் சிதறும் என்று கடிந்துகொள்கிறவர்களும் உண்டு. எலியட் கடன் கொடுத்ததோடு நிற்கவில்லை. தம் ஆபீஸை ஒட்டிக் காலியாகக் கிடந்த அறைகளை ஹார்ன்பிக்கு ஒழித்துக் கொடுத்தார். பிறகு தாமும் பணம் போட்டுக் கூட்டாளி ஆனார்.

அப்படியும் சாமான் உடனே விலைபோகவில்லை. ஆரம்ப செட்டுகளின் முடிப்பு அவ்வளவு நேர்த்தி இல்லை. உற்பத்தியாளர்கள் முகம் கொடுக்கவில்லை. கடைசியில் லிவர்பூலில் இன்ஜினீயரிங் பேராசிரியராக இருந்த ஹீல்-ஷா என்பவர் இதைப் பார்த்து மெச்சி ஒரு சான்று கொடுத்தார். அதைக் காட்டித்தான் வெளியாரிடம் பாகங்கள் செய்து வாங்க முடிந்தது. யந்திர வித்தையை எளிதாக்கியது என்று பொருள்படும் பெயரில் 1902-ல் பெட்டி கடைக்கு வந்தது. உள்ளே 16 வகைப் பாகங்கள். 12 சாமான்கள் கட்டுவதற்கான ஒரு துண்டுத்தாள்.

1903-ல் 1,500 செட் விற்றது. லாபம் இல்லை. 1904-ல் ஆறு வகைப் பெட்டிகள், இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும் குறிப்புப் புத்தகம். 1906-ல்தான் முதன்முதலாகச் சிறு லாபம் கண்டார்கள். பேடண்ட் கேட்ட நாளிலிருந்து ஐந்து வருஷம். அத்தனை நாளும் ஹார்ன்பி சம்பளத்தை விடவில்லை. வேலையை உதறிவிட்டுக் கனவின் பின்னால் ஓடினார் என்று இந்த மாதிரி வாழ்க்கைகளைச் சிலர் எழுதுவார்கள். இவர் அப்படி ஓடவில்லை. பெட்டிகளுக்குக் கேட்பு பெருகி, வெளியார் செய்து கொடுக்கும் பாகங்கள் போதாமல் போன 1907-ல்தான் கணக்கு வேலையை விட்டார். அதற்குள் வயது 44.

டியூக் தெருவில் ஒரு பட்டறையை மூன்று வருஷ வாடகைக்கு எடுத்து, இருவரும் கடன் வாங்கி யந்திரங்கள் போட்டு, ஜூன் மாதத்திலிருந்து தாங்களே பாகங்கள் செய்தார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் மெக்கானோ என்ற பெயரைப் பதிவு செய்தார்கள். 1908 மே 30-ந் தேதி மெக்கானோ லிமிடெட் கம்பெனி உருவாயிற்று.

புதுக் கம்பெனியில் எலியட் சேரவில்லை. விலகிக்கொண்டார். 5 பவுனும் காலி அறையும் கூட்டும் கொடுத்த மனிதர், பெரும் பணம் வருவதற்குச் சற்று முன்னால் படி இறங்கிவிட்டார். உலகம் ஹார்ன்பியின் பெயரை இன்றும் பெட்டி மேல் அச்சடிக்கிறது. எலியட்டின் பெயர் ஹார்ன்பியின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் பேனாவில் மட்டும் வருகிறது.

பாலமும் கம்பிவழியும்

அது எந்தக் காலம் என்பதை நம் பக்கத்தை வைத்தே பார்க்கலாம். ஹார்ன்பியின் பெட்டி கடைக்கு வந்த அதே 1902-ல்தான் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குக் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே ஒற்றைத் தண்டவாள வண்டிப்பாதை அமைந்தது. 1908-ல் அது இரண்டடி அகல ரெயில் பாதையாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவழியில் தொங்கிக்கொண்டு கீழே கொட்டகுடிக்கு இறங்கின. 1924 வெள்ளம் ரெயிலை வாரிக்கொண்டு போய்விட்டது. ஹார்ன்பி லிவர்பூல் பின்ஸ் ரோட்டில் கட்டிய பெரிய தொழிற்சாலை 1914 செப்டம்பரில் முழு மூச்சாக ஓடத் தொடங்கியது. அதே 1914 பிப்ரவரியில்தான் கப்பலுக்கு வழிவிட்டுத் தூக்கும் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. நிஜ உலகத்தில் இரும்பு எங்கெல்லாம் ஏறியதோ, அதையெல்லாம் மெக்கானோ பெட்டிக்காரப் பையன் தரையில் உட்கார்ந்து கட்டிப் பார்த்தான். தூக்குபாலம், கம்பிவழி, கிரேன் மூன்றும் மெக்கானோ புத்தகங்களில் திரும்பத் திரும்ப வருகிறவை.

விற்பனையில் ஹார்ன்பியின் கணக்குப்பிள்ளை மூளை நன்றாக வேலை செய்தது. பெட்டிகளுக்கு 0, 1, 2 என்று நம்பர். பெரிய நம்பர் பெட்டியை எடுத்த எடுப்பில் வாங்கச் சாதாரணக் குடும்பத்தால் முடியாது. அதற்கு இடைப்பெட்டி என்று ஒரு வழி வைத்தார். 0 நம்பர் வைத்திருப்பவன் 0ஏ என்ற சிறு பெட்டியை வாங்கிச் சேர்த்தால் அவனிடம் இருப்பது 1 நம்பர். அடுத்த பிறந்த நாளுக்கு 1ஏ வாங்கினால் 2 நம்பர். பெற்றோர் தவணை கட்டுவது போலத்தான். ஆனால் ஒவ்வொரு தவணைக்கும் கையில் ஒரு புதுச் சாமான். சேர்த்துச் சேர்த்து வைக்கிற ஆசை அங்கேதான் முளைவிட்டது. 1916-ல் மெக்கானோ மாகஸின் என்ற பத்திரிகையும் வந்தது. அதில் நிஜப் பாலங்களையும் எஞ்சின்களையும் பற்றிய கட்டுரைகளோடு கம்பெனி விளம்பரமும் கலந்திருக்கும். 1926-ல் பாகங்களுக்குச் சிவப்பும் பச்சையும் பூசினார்கள்.

இந்தப் பெட்டி விளம்பரங்கள் எல்லாம் பையன்களையே கூப்பிட்டன. வீட்டில் ஒரு பெண் குழந்தையை வைத்துக்கொண்டே ஹார்ன்பி பெண்கள் போல்ட் முடுக்க மாட்டார்கள் என்று தீர்மானித்துவிட்டார். பாதி உலகத்தை அவர் வெளியே நிறுத்தினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இது வெறும் விளையாட்டுச் சாமானாக மட்டும் இருக்கவில்லை. 1934-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீ என்ற பேராசிரியரும் ஆர்தர் போர்ட்டர் என்ற மாணவரும் சிக்கலான கணிதச் சமன்பாடுகளுக்கு விடை போடும் ஒரு யந்திரத்தை மெக்கானோ பாகங்களைக் கொண்டே கட்டினார்கள். கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய கணக்கு யந்திரம் அது. ஆராய்ச்சிக்கும் பயன்பட்டது. 1996-ல் ரசாயன நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான ஹாரி குரோட்டோ, தம் கைகளுக்கு முதல் பாடம் சொன்னது மெக்கானோதான் என்று பல இடங்களில் சொல்லி வந்தார்.

கோவை ஜி.டி. நாயுடுவின் ஞாபகம் வருவது இயல்பு. ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டித் தொழில் கற்றவர் அவர். அவருக்கு மெக்கானோ கிடைக்கவில்லை, நிஜ வண்டியே பாடப்பெட்டி ஆயிற்று. அவர் பெயரால் விளங்கும் அமைப்பு அவினாசி ரோட்டில் 2015-ல் ஒரு கார் மியூசியம் திறந்தது. வாளையாறு தாண்டிப் போகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு வரலாம்.

மோட்டார் கார்

இனி காருக்கு வருவோம். மெக்கானோவில் கட்டக்கூடிய பெரிய சாமான்களில் பேர் வாங்கியது மோட்டார் சேசிஸ். மேல்கூடு கிடையாது, எலும்புக்கூடு மட்டும். ஆனால் கியர்பாக்ஸ், கிளட்ச், ஸ்டீயரிங், பிரேக் எல்லாம் உண்டு. பின் அச்சில் டிபரன்ஷியலும் உண்டு. வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் சுற்ற வேண்டுமே, அதைச் செய்கிற பல்சக்கரக் கூட்டம்தான் டிபரன்ஷியல். டிரைவிங் படித்தவர்களில்கூடப் பலருக்கு அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாது. இந்தச் சேசிஸைக் கட்டிய பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தெரியும். அவன் அதைத் தன் கையால் பூட்டியிருக்கிறான்.

1930-களின் தொடக்கத்தில் காருக்கென்றே ஒரு தனிப் பெட்டி வந்தது. வழவழப்பாகப் பெயிண்ட் அடித்த தகரப் பாகங்கள், சாவி கொடுத்தால் ஓடும் மோட்டார். அதே அடித்தளத்தில் இன்று பந்தயக் கார் மாதிரி மேல்கூடு பூட்டலாம். நாளை கழற்றி, குடும்பத்தோடு போகும் டூரிங் கார் ஆக்கலாம். இன்று கடையில் விற்கும் கார் கிட்டுக்கு இதை ஒரு பாட்டனார் என்று சொன்னால் தப்பில்லை. ஒரே வித்தியாசம், இன்றைய கிட்டை ஒரு தரம் ஒட்டினால் ஒட்டியதுதான். ஹார்ன்பியின் காரைப் பிரிக்கலாம்.

ஆனால் ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனது அந்தக் காரை அல்ல.

ஹார்ன்பி 1920-ல் பொம்மை ரெயில் செய்ய ஆரம்பித்திருந்தார். அதுவும் பெரும் வியாபாரம். ரெயில் என்றால் ஸ்டேஷன் வேண்டும், ஸ்டேஷனில் போர்ட்டர் வேண்டும், வாசலில் கார் நிற்க வேண்டும். இப்படி ரெயிலுக்குத் துணைச் சாமானாக 1933 டிசம்பரில் ஆறு சின்ன வண்டிகள் அடங்கிய ஒரு செட் வந்தது. ஸ்போர்ட்ஸ் கார், கூபே, லாரி, வேன், டிராக்டர், ராணுவ டாங்கி. அச்சில் உலோகத்தை உருக்கி ஊற்றி வார்த்தவை. கட்ட ஒன்றுமில்லை, பிரிக்கவும் ஒன்றுமில்லை. வாங்கினால் போதும். 1934-ல் இவற்றுக்கு டிங்கி டாய்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.

தொடக்கத்தில் கேட்ட 43-க்கு விடை இங்கே இருக்கிறது. ஹார்ன்பியின் ரெயில்கள் ஓ கேஜ் என்ற அளவில் அமைந்தவை. நிஜத்தில் ஓர் அடி என்றால் மாதிரியில் 7 மில்லிமீட்டர் என்பது இங்கிலாந்தில் அந்த கேஜுக்கு வழங்கிய கணக்கு. ஓர் அடிக்கு 304.8 மில்லிமீட்டர். அதை 7-ஆல் வகுத்தால் 43.5 வரும். ரெயில் பக்கத்தில் நிற்க வேண்டிய கார் ரெயிலின் அளவிலேயே இருக்க வேண்டும் அல்லவா? டிங்கி கார்கள் ஏறக்குறைய அந்த அளவைப் பிடித்தன. ரெயில் மறைந்தும் காரின் அளவு நின்றுவிட்டது. பிற தேசங்களில் கார் செய்தவர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பிள்ளைகள் தாங்களே கட்ட வேண்டும் என்பதற்காகவே ராத்திரி ராத்திரியாகத் தகடு வெட்டிய மனிதரின் கம்பெனி, கட்டவே தேவையில்லாத காரை விற்றுப் புகழின் உச்சிக்குப் போயிற்று. ஹார்ன்பியைக் குறை சொல்ல முடியாது. அதற்குள் அவர் அன்றாட நிர்வாகத்தைக் கூட்டு டைரக்டர்களிடம் விட்டிருந்தார். 1931 தேர்தலில் லிவர்பூல் எவர்ட்டன் தொகுதியிலிருந்து கன்சர்வேடிவ் கட்சி எம்.பி. ஆகி லண்டன் பார்லிமெண்டுக்குப் போயிருந்தார். 1935 தேர்தலில் மறுபடி நிற்கவில்லை. லிவர்பூலுக்கு வெளியே மாகல் என்ற ஊரில் பெரிய மாளிகை, காரோட்டி வைத்த நிஜக் கார், லட்சக்கணக்கான பவுன் ஆஸ்தி எல்லாம் இருந்தன. இதய நோயும் நீரிழிவும் இருந்தன. 1936 செப்டம்பர் 21-ந் தேதி 73-வது வயதில் காலமானார். தகடு பொம்மை முதன்முதலில் யாருக்காக வெட்டப்பட்டதோ அந்த மூத்த மகன் ரோலண்ட் கம்பெனித் தலைவர் ஆனார்.

சேர்ப்பவர்களின் கவலை

ஆரம்ப டிங்கி கார்கள் ஈயக் கலவையில் வார்க்கப்பட்டன. பிறகு துத்தநாகக் கலவைக்கு மாறினார்கள். இந்தக் கலவையில் ஈயம் துளி கலந்துவிட்டாலும் வினை. வார்த்தபோது ஒன்றும் தெரியாது. வருஷங்கள் போகப் போக உலோகம் உள்ளுக்குள்ளேயே உப்பும், மெல்லிய கீறல் விடும், கடைசியில் கைபட்டால் பொலபொலவென்று உதிரும். மருந்து கிடையாது. யுத்தத்துக்கு முந்தைய கார்களில் இந்த நோய் வந்தவை அதிகம். அதனால் நோய் இல்லாமல் தப்பிய கார், அது வந்த அட்டைப் பெட்டியும் சேர்ந்து இருந்தால், ஏலத்தில் ஏறுகிற விலைக்கு அளவில்லை. குழந்தை ஆசைதீர விளையாடிய கார் பெயிண்ட் உரிந்து விலை குறைந்து கிடக்கும். தொடாமல் வைத்ததற்குத்தான் மதிப்பு. இந்த நியாயம் எனக்கு ஒருபோதும் ஜீரணமானதில்லை.

கம்பெனியின் பிற்காலம் சோகமானது. 1964-ல் லைன்ஸ் பிரதர்ஸ் என்ற பெரிய பொம்மைக் கம்பெனி அதை வாங்கியது. 1971-ல் அந்தக் கம்பெனியே முறிந்தது. பிளாஸ்டிக் கிட்களில் பெயர் பெற்ற ஏர்பிக்ஸ், மெக்கானோவையும் டிங்கியையும் எடுத்துக்கொண்டது. நிக்கோலஸ் கோவ் என்ற ஹங்கேரிக்காரர் 1939-ல் தொடங்கிய கம்பெனி ஏர்பிக்ஸ். 1949-ல் ஒரு டிராக்டர் மாதிரியும், 1952-ல் ஒரு கப்பல் மாதிரியும் செய்து, அதிலிருந்து கிட் வியாபாரத்தில் இறங்கியது. விமானம், கப்பல், கார் என்று ஒட்டிக் கட்டும் ஹாபிக்கு ஒரு தலைமுறையையே பழக்கியது. 1979 நவம்பர் கடைசியில் பின்ஸ் ரோடு தொழிற்சாலையை மூடுவதாகத் திடீரென்று சொன்னார்கள். வேலை போனவர்கள் 900-க்கும் மேல். தொழிலாளர்கள் வெளியேற மறுத்துத் தொழிற்சாலைக்குள்ளேயே உட்கார்ந்து மாதக்கணக்கில் போராடினார்கள். கதவு திறக்கவில்லை. 1981-ல் ஏர்பிக்ஸும் நொடித்தது. அந்தப் பெயர் கை மாறிக் கை மாறி 2006-ல் வந்து சேர்ந்த இடம், ரெயில்களால் பிழைத்து நின்ற ஹார்ன்பி கம்பெனி.

டிங்கி நம் தேசத்துக்கும் வந்தது. 1960-களின் கடைசியில் பழைய டிங்கி அச்சுகளில் சில கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் வார்த்த கார்கள் நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் விற்றன. அந்த நாளில் நூறு ரூபாய்ச் சம்பளக்காரர் வீட்டில் அது கண்ணாடி அலமாரிக்குள் இருந்த சாமான். இன்று கல்கத்தாவில் வார்த்த அந்தக் கார்களையும் வெளிதேசத்தார் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள்.

கேரளத்தில் இப்போது வேறு ஒரு வகை பெருகியிருக்கிறது. போம் ஷீட்டை அளந்து வெட்டி, சர்க்கார் பஸ்ஸையும் டூரிஸ்ட் பஸ்ஸையும் லாரியையும் இம்மி பிசகாமல் செய்கிற இளைஞர்கள் ஜில்லாவுக்கு ஜில்லா இருக்கிறார்கள். கிட் பெட்டி கிடையாது. நிஜ பஸ்ஸை டிப்போவில் போய் டேப்பால் அளந்துகொண்டு வருகிறார்கள். சீட்டு, கம்பி, கண்ணாடி, ஊர்ப் பலகை எல்லாம் கைவேலை. பகலில் வேறு வேலை, ராத்திரியில் இது.

மெக்கானோ பெயரும் பல கைகள் மாறிவிட்டது. கடைசியாகப் பிரான்சில் காலே நகரில் இருந்த தொழிற்சாலையை மூடுவதாக 2023-ல் அறிவித்தார்கள். நூற்றிருபது வருஷத்தில் போல்ட்டின் மரை மாறியது, தகட்டின் நிறம் பலமுறை மாறியது, பிளாஸ்டிக்கும் வந்து கலந்தது. அந்த அரை அங்குல இடைவெளியை மட்டும் யாரும் தொடவில்லை. ஹார்ன்பி காலத்துத் துருப்பிடித்த தகடு ஒன்றையும் நம் காலத்தில் வாங்கிய பெட்டித் தகடு ஒன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால், துளை துளைக்கு நேராக நிற்கிறது.